இரண்டு வாசல் வைத்த வீடு

எங்கள் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் தெருவில் நின்று அண்ணாந்து முன்கதவைப் பார்ப்பார்கள். பிறகு படி ஏறி வந்து தட்டுவார்கள். நான் ஜன்னல் வழியாக, "பின்னாடி வாங்க" என்பேன். மறுபடி அத்தனை படியும் இறங்கி, பக்கத்துச் சந்தில் நுழைந்து, சுற்றிக்கொண்டு வருவார்கள். சிலிண்டர் போடுகிற ஆள் மட்டும் முன்பக்கம் பார்ப்பதே இல்லை. நேராகச் சந்தில் உருட்டிக்கொண்டு வந்துவிடுவார். அவருக்கு இந்தத் தெருவிலேயே பிடித்த வீடு எங்கள் வீடுதானாம்.

ஏன் இப்படிக் கட்டினீர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் பெரிதாகப் பதில் சொல்வதில்லை. வாயால் சொல்ல வராதது எழுதினால் வருகிறதா பார்க்கலாம்.

என் வீட்டுக்காரர் செஞ்சியில் நெல் விற்கிற மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கியவர். அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிய டிராக்டர்கள் கமிட்டி வாசலைத் தாண்டி ரோடு வரைக்கும் நிற்கும். அத்தனை நெல்லும் ஆட்கள் முதுகில்தான் லாரி ஏறும். ஒரு நாள் லாரிக்குச் சாய்த்துப் போட்டிருந்த பலகையிலிருந்து மூட்டையோடு விழுந்துவிட்டார். வலது பக்கம் இடுப்பு எலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்து, கையில் ஒரு வாக்கர் கொடுத்து அனுப்பினார்கள்.

அப்போது வாடகை வீட்டில் இருந்தோம். கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால் தனியாக இருந்தது. அதற்குப் போக இரண்டு உயரமான வாசற்படியைத் தாண்ட வேண்டும். அவரால் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. நான் ஒரு பக்கம், அந்த நேரத்தில் யார் அகப்படுகிறார்களோ அவர்கள் ஒரு பக்கம், தூக்கித்தான் கொண்டுபோனோம். தூக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நாள் கட்டிலில் உட்கார வைத்த பிறகு சொன்னார்.

"மூட்ட தூக்கினவன மூட்டையாக்கிட்டீங்களே."

நான் தலையணையைச் சரிசெய்தேன். அவரே மறுபடி, "மனைய சும்மா போட்டு வெச்சி இன்னா பண்றோம்? வூட்ட கட்டுவோம். என் வூட்டுல என்ன ஒருத்தனும் தூக்கக் கூடாது. நானே வரணும், நானே போவணும்" என்றார்.

எங்களுக்கு ஊர் எல்லையில் ஒரு மனை இருந்தது. கோட்டைப் பக்கம் வீடு கட்ட விட மாட்டார்கள் என்பதால் ஊர் இந்தப் பக்கமாக வளர்ந்தது. மனைக்கு முன்னால் தெரு, பின்னால் ஒரு மொட்டைப் பாறை. பாறையை ஒட்டிய மனை என்று யாரும் வாங்காமல் கிடந்ததைத்தான் நாங்கள் வாங்கிப் போட்டிருந்தோம். அவர் காலைத் தூக்காமல், யாராலும் தூக்கப்படாமல் நடமாடுவதற்காகத்தான் இந்த வீடு. அதை நான் மறக்கவில்லை. ஆனால் வேலை ஆரம்பித்ததும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். முதலில் மறந்தவர் அவர்தான்.

எங்கள் தெருவில் பேஸ்மட்டம் என்பது பெரிய விஷயம். தரையிலிருந்து வீட்டை எவ்வளவு உயர்த்திக் கட்டுகிறோமோ அதுதான் பேஸ்மட்டம். தார் ரோட்டை மாற்றிப் போடும்போதெல்லாம் பழசைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால் ரோடு வளர்ந்துகொண்டே இருக்கிறது. எங்களுக்குப் பக்கத்து வீடு ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடு. இப்போது தெருவிலிருந்து இறங்கிப் போக வேண்டும். மழை பெய்தால் அந்த வீட்டுக்காரர்கள் குடத்தால் தண்ணீர் இறைப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்துப் புதிதாகக் கட்டுகிற ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் கட்டியவரைவிட உயர்த்திக் கட்டினார்கள். மழைத் தண்ணீருக்குப் பயந்து கொஞ்சம், பக்கத்தவர் பார்க்கட்டும் என்று கொஞ்சம்.

பூசை போட்ட அன்றைக்கு அவர் தெருவில் புங்கமரத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி வந்து, "பெரியவரே, பேஸ்மட்டம் எவ்ளோ வெச்சிக்கலாம்?" என்று கேட்டார்.

"எதுத்த வூடு எவ்ளோ?"

"அது மூணரை அடி வரும்."

"அதவிட ஒரு ஜாண் தூக்கி வை."

எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நாக்கு கொஞ்சம் நீளம், மனசு கெட்டதில்லை.

"ஏணி ஒண்ணும் சேத்து செஞ்சி வெச்சிக்குங்க அண்ணே" என்றார்.

"நான் தை மாசத்துக்குள்ள ஓடுவேன், நீ பாரு" என்றார் இவர்.

அவர் அதை நிஜமாகவே நம்பினார். வாடகை வீட்டில் காலையிலும் சாயங்காலமும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கித் தூக்கிப் பழகினார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் மேஸ்திரியிடம் போய், உயரம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். ஆம்பிளைகள் நாலு பேர் நிற்கிற இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்ல நினைத்தால், அது தொண்டை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். மகள் அனந்தபுரத்தில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து வாரம் ஒரு தரம் வருவாள். அவளிடம் சொன்னேன். அவளும் அப்பாவிடம் கேட்டுப் பார்த்தாள்.

"நைனா, இவ்ளோ ஒசரம் வேணுமா?"

"உன் மாமியார் வூட்டுல போய் யோசன சொல்லு" என்று அனுப்பிவிட்டார்.

அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டும்போது பின்பக்கம் ஒரு மூலையில் முழங்கால் ஆழத்துக்குள்ளேயே பாறை வந்துவிட்டது. கடப்பாறையை வைத்துக் குத்தினால் மணி அடிப்பது போலச் சத்தம் வந்தது. பக்கத்தில் வேலை பார்த்த ஆட்கள் எல்லாம் வெடி வைக்க வேண்டும் என்றார்கள். மேஸ்திரி மண்ணை முழுக்கக் கூட்டித் தள்ளச் சொல்லி, பாறையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். மலையோடு ஒட்டிய பாறைதான், உருண்டை கிடையாது என்று தெரிந்ததும், அதைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, அதன் மேலேயே கல் கட்டினார். மற்ற மூன்று பக்கமும் ஆழமாகத் தோண்ட வேண்டியிருந்தது. அந்த மூலைக்கு ஒரு வேலையும் இல்லை. உருண்டைக் கல்லாக இருந்திருந்தால் ஒரு பக்கம் அமுங்கிச் சுவர் விரிசல் விட்டிருக்கும் என்றார். பாறையைப் பார்த்து நாங்கள் பயந்தோம், அதுவே கடைசியில் உபகாரம் செய்தது.

பேஸ்மட்டம் எழும்பியது. தெருவிலிருந்து பார்த்தால் முன்சுவர் என் மாருக்கு வந்தது. நடுவில் நிரப்புவதற்காகக் கொண்டுவந்து கொட்டிய மண் ஒரு சின்ன மலை மாதிரி நின்றது. படி இன்னும் கட்டவில்லை. ஆட்கள் ஏறி இறங்கச் சென்ட்ரிங் பலகை இரண்டைச் சேர்த்துச் சாய்த்துப் போட்டிருந்தார்கள்.

ஒரு நாள் இவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். புங்கமரத்துக்குப் போகவில்லை. பலகையைப் பார்த்தார்.

"மேஸ்திரி, இதுல நான் ஏறிப் பாக்குறேன்."

"வேணாம் பெரியவரே, சரிவு ஜாஸ்தி."

"நான் மூட்டையோட ஏறுன பலகைய்யா இது."

யாரும் பிடிக்கக் கூடாது என்றார். வாக்கரைப் பலகை மேல் வைத்தார். உடைந்த காலை வைத்தார். நல்ல காலை வைத்தார். மறுபடி வாக்கரைத் தூக்கி முன்னே வைத்தார். அதன் கால்கள் பலகையில் வழுக்கிக்கொண்டு அவர் வயிற்றுக்கே திரும்பி வந்தன. மேஸ்திரி பின்னால் தயாராக நின்றதால் பிடித்துவிட்டார். பிடித்தவர் சும்மா பிடிக்கவில்லை, பயத்தில் அப்படியே தூக்கிவிட்டார். தூக்கிக் கீழே வைத்தார்.

இவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். ஆட்டோவைக் கூப்பிடச் சொன்னார். அதற்குப் பிறகு பல நாள் மனைப் பக்கமே வரவில்லை.

அன்றைக்கு மேஸ்திரிக்கும் மனசு சரியில்லை. சாய்வாகச் சிமெண்டில் தளம் போட்டுக் கொடுக்கலாமா என்று அளந்து பார்த்தார். வாக்கர் வழுக்காத அளவுக்குச் சாய்வு வைத்தால் தளம் தெருவைத் தாண்டி எதிர்வீட்டு வாசலில் போய் முடிந்தது. வளைத்து வளைத்துப் போடலாம் என்றால் முன்பக்கம் இடம் இல்லை. எதிர்வீட்டு அம்மாள், "எங்க வூட்டு வழியா வேணும்னாலும் போட்டுக்குங்க, டோல் வாங்கிக்கிறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிரச்சினை அப்படியே நின்றது.

சுவர் எழுப்பும் முன் பேஸ்மட்டத்தின் மேலே சுற்றிலும் பெல்ட் மாதிரி காங்கிரீட் போடுவார்கள். அதற்கு நாலு மூலையும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று டியூப்பில் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடி மாதிரியான நீள டியூப். ஒரு முனையை ஒருவர் ஓரிடத்தில் பிடிப்பார், இன்னொரு முனையை இன்னொருவர் வேறு மூலைக்குக் கொண்டுபோவார். இரண்டு முனையிலும் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அது ஒரே மட்டம். அன்றைக்குச் சித்தாள் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டாள். மேஸ்திரி என்னைப் பார்த்து, "யம்மா, இத கொஞ்சம் புடிச்சிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

அவர் முன்பக்கம் நின்றார். நான் டியூப்பை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். நடுவில் மண் குவியல். அவருக்கு நான் தெரியவில்லை, எனக்கு அவர் தெரியவில்லை. குரல் மட்டும் வரும்.

"ஏத்துங்க... இன்னும் ஏத்துங்க... போதும் போதும், கொஞ்சம் எறக்குங்க. தண்ணி ஆடுதா?"

"நின்னுடுச்சி."

"எங்க நிக்குது?"

குனிந்து பார்த்தேன். நிற்கவே முடியவில்லை, உட்கார்ந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. முன்பக்கம் மாரளவு உயரமாக இருந்த அதே மட்டம் இங்கே என் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. மனை தெருவிலிருந்து பாறையை நோக்கி ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த இடத்தில் எத்தனையோ தரம் நடந்திருக்கிறேன், மேடு என்று காலுக்குத் தெரிந்ததே இல்லை. வீட்டுப் படம் போட்டிருந்த காகிதத்திலும் மேடு பள்ளம் தெரியவில்லை. எல்லோரும் வீட்டைத் தெருவில் நின்றே பார்த்தோம்.

"யம்மா? எங்க நிக்குது?"

"என் கால்கிட்ட நிக்குதுங்க."

"சரி, கோடு போடுங்க."

கோடு போட்டேன். அப்புறம் அங்கே உட்கார்ந்தபடியே கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் முகம் தெரியாததால் வந்திருக்கும்.

"மேஸ்திரி, பின்பக்கம் பெரிய வாசலா வெச்சா அவரு நடந்து வந்துடுவாருல்ல?"

கேட்கவில்லையோ என்று நினைத்தேன். பிறகு மண் குவியலைச் சுற்றிக்கொண்டு அவரே வந்துவிட்டார். வந்து, நான் போட்ட கோட்டைப் பார்த்தார். பக்கவாட்டில் மனை ஓரத்தைப் பார்த்தார். அவர் எதிரில் வந்து நின்றதும் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது.

"வரலாம், இந்தக் கொஞ்ச ஒசரத்துக்கு மண்ணு கொட்டிக்கலாம்" என்றார். "ஆனா உங்க வூட்டுக்காரரு ஒத்துக்கணுமே. பின்வாசல்ல வருவாரா அவரு?"

நான் தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்றும் இருக்கும், தெரியாது என்றும் இருக்கும்.

"மொதல்ல கட்டி வெச்சிடுவோம். வயசானவங்க பாத்ரூம் போறதுக்கு வசதின்னு சொல்லிக்கிலாம்" என்றார்.

எங்கள் தெருவில் சந்து என்று யாரும் விடுவதில்லை, மனை ஓரம் வரைக்கும் சுவர் ஏற்றிவிடுவார்கள். எங்கள் பேஸ்மட்டமும் அப்படித்தான் எழும்பியிருந்தது; மேஸ்திரி ஒரு பக்கத்தைப் பிரித்து, உள்ளே தள்ளிக் கட்டி இடம் விட்டார். எவ்வளவு விடுவது என்பதற்கு வாக்கரை மட்டும் அளந்தால் போதாது. அதைப் பிடித்து நடக்கிறவரின் முழங்கை இரண்டு பக்கமும் வெளியே நிற்கும். அதற்காக நானே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்து காட்டினேன். பின்வாசலுக்கும் அதே அளவு. முன்பக்கத்து நிலைக்கு நாலு பக்கமும் கட்டை உண்டு, கீழ்க்கட்டையில்தான் மஞ்சள் குங்குமம் வைக்கிறோம். பின்பக்கத்து நிலைக்குக் கீழ்க்கட்டை வேண்டாம் என்று வைத்தோம். தச்சர் இரண்டு தரம் கேட்டார், மறந்துவிட்டீர்களா என்று.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்தபோது பின்வாசலின் குறை தெரிந்தது. பாறையின் மேல் விழுந்த தண்ணீர் எல்லாம் நேராக வழிந்து வந்து, தாழ்வாக இருந்த அந்த வாசல் வழியாக வீட்டுக்குள் போய்விட்டது. தெருத் தண்ணீருக்குப் பயந்து முன்பக்கத்தை அவ்வளவு உயர்த்தியிருந்தோம். தண்ணீர் பின்பக்கமாக வந்தது. மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். பாறை ஓரமாகக் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டி, தண்ணீரைச் சந்து இல்லாத பக்கமாகத் திருப்பிவிட்டோம். கால்வாய்க்கு மேலே கம்பி வலை போடலாம் என்றார்கள். வாக்கரின் கால் அதில் சிக்கும். கடப்பைக் கல் பாவினோம்.

சந்துத் தளத்துக்கு வழவழப்பான டைல்ஸ் போடலாம் என்று மகள் ஆசைப்பட்டாள். பலகையில் வழுக்கியது எனக்கு ஞாபகம் இருந்தது. சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே தென்னங்கயிற்றை வரிவரியாக அழுத்தி எடுத்தார்கள். வரி விழுந்தது. பாத்ரூம் கதவு முதலில் உள்பக்கமாகத் திறக்கிற மாதிரி வைத்துவிட்டார்கள். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் கதவைத் திறக்க முடியாது. கழற்றி வெளிப்பக்கமாக மாற்றினோம். கைப்பிடிக் குழாயை மேஸ்திரி தன் உயரத்துக்கு வைத்துவிட்டார், அதையும் பெயர்த்துக் கீழே இறக்கினோம். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் செய்தோம்.

கார்த்திகை முடிகிற சமயத்தில் இவர் மறுபடி வந்தார். வீட்டைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று மகள் சந்து வழியாகப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். பாறை வரைக்கும் சிரமமில்லாமல் நடந்து வந்துவிட்டார். ஏறி வந்திருக்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. பின்வாசலைப் பார்த்ததும் நின்றார்.

"தோட்டத்துக் கதவு இன்னாத்துக்கு இம்மாம் பெருசு?"

மகளுக்கு மறைக்கத் தெரியாது. "உனக்குத்தான் நைனா. இந்தப் பக்கமா நீயே உள்ள போயிடலாம், யாரும் புடிக்க வேணாம்" என்றாள்.

"பின்பக்கமா ஓட்டிக்கினு போறதுக்கு நான் இன்னா கறவ மாடா?"

"இல்ல நைனா..."

"பெருக்கித் தள்ற வழி அது. என் வூட்டுக்கு நான் திருடனாட்டம் வரணுமா? இது யார் யோசன?"

மேஸ்திரி தூரத்தில் நின்று சாந்துக் கரணையைக் கழுவினார். மகள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே போதும், அவருக்குத் தெரிந்துவிட்டது. வாக்கரைத் தெருப் பக்கம் திருப்பினார்.

"கால் சரியாவட்டும். முன்வாசல்ல ஏறிக்கினு வரேன். அப்புறமா பால் காச்சலாம்" என்றார்.

வீடு முடிந்தது. வெள்ளை அடித்தார்கள். திருஷ்டி பொம்மை மாடியில் தொங்கிக்கொண்டே இருந்தது. தை பிறந்தது. அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினார், வாடகை வீட்டு வாசற்படி உயரத்துக்குக்கூட அது வரவில்லை. தை போனால் மாசி, பங்குனியில் எங்கள் பக்கம் யாரும் குடி போக மாட்டார்கள். சித்திரை வெயிலில் பூட்டிக் கிடக்கிற வீடு என்ன ஆகும் என்று மகள் சொல்லிப் பார்த்தாள்.

கடைசியில் அவர், "நீங்க போய் செய்யிங்க. நான் இந்த வாடக வூட்டுலயே இருந்துக்கிறேன்" என்றார்.

"நாற்காலியில உக்கார வெச்சி நாலு பேர் தூக்கிக்கினு..." என்று மகள் ஆரம்பித்தாள்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மகள் தை கடைசியில் ஒரு நாள் குறித்துவிட்டாள். அன்றைக்கு விடியற்காலையில் நான் தலைக்குக் குளித்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. அவரே வேட்டியை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். "உள்ள வரமாட்டேன். மரத்தாண்ட உக்காந்து பாக்குறேன்" என்றார். அவர் கட்டிய வீடு, பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஆட்டோவில் போனோம். புங்கமரத்தடியில் நாற்காலி போட்டோம். சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். பால்காரர் பசுவையும் கன்றையும் பிடித்துக்கொண்டு வந்தார். கிரகப்பிரவேசத்துக்கு முதலில் பசு போக வேண்டும், பிறகுதான் மனிதர்கள். ஐயர் படிக்கு மேலே நின்று, "மாட்டை அழைச்சிண்டு வாங்கோ, நேரம் ஆறது" என்றார்.

பசு முதல் படி வரைக்கும் வந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தது. நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது.

பால்காரர் கயிற்றை இழுத்தார். மேஸ்திரி பின்னால் நின்று தள்ளினார். அது வாலைத் தூக்கி அவர் புது வேட்டியில் சாணி போட்டது. வாழைப்பழம் காட்டினார்கள். பழத்தைக் கழுத்தை நீட்டித் தின்றது, கால் எடுத்து வைக்கவில்லை. அகத்திக்கீரையும் அப்படித்தான் போனது. யாரோ ஓடிப்போய்ச் சென்ட்ரிங் பலகையைக் கொண்டுவந்து படி மேல் சாய்த்தார்கள். பசு ஒரு காலை வைத்தது, குளம்பு வழுக்கியது, எடுத்துக்கொண்டது.

எதிர்வீட்டு அம்மாள் தன் வாசலில் இருந்து, "எங்க வூட்டுல ரெண்டு தள்ளு தள்ளுனதும் ஏறிடுச்சி. நீங்கதான் ஒரு ஜாண் ஒசத்திட்டீங்களே" என்றார்.

மேஸ்திரி வேட்டியை உதறிக்கொண்டே, "இத்தினி வூடு கட்டியிருக்கேன், மாட்ட யோசிக்கலியே" என்றார்.

இந்தக் கலவரத்தில் கன்றின் கயிற்றைப் பால்காரர் விட்டுவிட்டார். அது சந்தில் நுழைந்து ஓடியது. பின்பக்கத்தில் பந்திக்கு வைத்திருந்த வாழை இலைக் கட்டு அதற்குத் தெரிந்ததோ என்னவோ. கன்று போனதும் பசு கத்திக்கொண்டு திரும்பியது. பால்காரரை இழுத்துக்கொண்டே சந்துக்குள் போனது. நாங்கள் பின்னாலே ஓடினோம். சிமெண்ட் வரியில் குளம்பு வழுக்கவில்லை. கன்று பின்வாசலில் நின்றிருந்தது. பசு அதை முகர்ந்து பார்த்தது. பிறகு இரண்டும் உள்ளே போயின. யாரும் இழுக்கவில்லை. கூடத்தின் நடுவில் போய் நின்று பசு மூத்திரம் பெய்தது. அது ரொம்ப நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். ஐயர் முன்வாசலில் இருந்து உள்ளே ஓடிவந்து மந்திரத்தை ஆரம்பித்துவிட்டார்.

நான் திரும்பித் தெருப் பக்கம் வந்தேன். நாற்காலி காலியாக இருந்தது.

அவர் சந்தின் முனையில் நின்றிருந்தார். வாக்கரை வரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி ஓடிப்போய்க் கையை நீட்டினார்.

"யோவ், தள்ளு. மாட்டுக்கு ஒரு வழி, எனக்கு ஒரு வழியா? வழிய வுடு."

மேஸ்திரி சுவரோடு ஒட்டிக்கொண்டார். இவர் நடந்தார். நான் அவர் பின்னால், தொடாத தூரத்தில் போனேன். சந்தின் பாதியில் ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினார். பின்வாசலுக்கு வந்ததும் குனிந்து பார்த்தார்.

"படி எங்க?"

"இல்லீங்க" என்றேன்.

ஆஸ்பத்திரியில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது முதலில் வாக்கர், அப்புறம் உடைந்த கால், கடைசியில் நல்ல கால். உடைந்தது வலது. அதனால் வலது கால் முதலில் உள்ளே போனது. நல்ல நாளில் எந்தக் காலை வைக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தார். கைப்பிடிக் குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பாத்ரூம் கதவை வெளியே இழுத்துத் திறந்து மூடினார். "கெட்டியா இருக்குது" என்று மட்டும் சொன்னார். மகள் பாலைப் பொங்க வைத்தாள். பால் பொங்கும்போது அவர் முன்கதவுக்கு உள்பக்கம் போய் நின்று, அங்கிருந்து எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நின்றால் அவர்கள் வாசல் நமக்குக் கீழேதான் தெரியும்.

அதெல்லாம் ஆகி வருஷம் போய்விட்டது. அவரை யாரும் தூக்குவதில்லை. காலையில் அவரே சந்து வழியாக இறங்கிப் போய்ப் புங்கமரத்தடியில் உட்காருகிறார், வெயில் வந்ததும் அவரே ஏறி வருகிறார். முன்வாசல் படிகளை நான் மட்டும் கழுவுகிறேன். வெள்ளிக்கிழமை அந்த நிலைக்கு மஞ்சள் வைக்கிறேன். எப்போதாவது புதிதாக வருகிறவர்களைத் தவிர கல்லில் வேறு யார் காலும் படுவதில்லை, அதனால் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது.

போன மாசம் எங்கள் தெருவுக்கு மறுபடி தார் போட்டார்கள். வழக்கம்போலப் பழசைச் சுரண்டவில்லை. சாயங்காலம் மெஷின் போன பிறகு இவர் வாக்கரோடு தெருவுக்குப் போய், எங்கள் முன்படியைப் பார்த்துவிட்டுச் சந்து முனைக்கு வந்தார். கீழ்ப்படி முக்கால்வாசி தாருக்குள் போய்விட்டதாம்.

"நான் அன்னிக்கே சொல்லல?" என்றார். "இன்னும் நாலு தரம் ரோடு போட்டா நான் முன்வாசல்லயே வந்துடுவேன்."

எதிர்வீட்டு அம்மாள் கேட்டுவிட்டு, "அதுக்குள்ள எங்க வூடு முழுகிடும்ணே" என்றார்.

வாக்கரின் ரப்பர் காலில் தார் ஒட்டியிருந்தது. அது சந்துத் தளத்தில் படுவதற்குள் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன்.